நடக்க நாலடி மண்

தேகம் பருத்துவிட்டால் நம்மவர்கள் முதலில் செய்கிற காரியம், பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான். பட்டணத்தில் எனக்குத் தெரிந்த கனவான் ஒருவர் நடப்பதற்கென்றே ஒரு யந்திரம் வாங்கினார். டிரெட்மில் என்று அதற்குப் பெயர். ஆறு மாதம் கழித்து நான் அவர் வீட்டுக்குப் போனபோது அதன் கைப்பிடியில் ஒரு வேட்டியும் இரண்டு துண்டும் உலர்ந்துகொண்டிருந்தன. யந்திரத்தின் பூர்வோத்தரம் அவருக்குத் தெரியாது. 1818-ல் வில்லியம் க்யூபிட் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் சிறைக் கைதிகளுக்காகச் செய்து கொடுத்த பெரிய மிதிசக்கரம்தான் அதன் மூதாதை. கைதிகள் மணிக்கணக்காகப் படி ஏறுவார்கள். ஓர் அடிகூட உயரே போகமாட்டார்கள். இது கொடுமை என்று கண்டு பிற்பாடு இங்கிலாந்திலேயே கைவிட்டுவிட்டார்கள். அதன் பேரனை நாம் மாதத் தவணை கட்டி வீட்டுக்கு அழைத்து வருகிறோம்!

அது போகட்டும். யந்திரம் வாங்காதவரையும் ஒரு கணக்கு பிடித்து ஆட்டுகிறது. தினம் 10,000 அடி நடக்க வேண்டுமாம். 9,400 ஆனதும் ராத்திரி பதினொரு மணிக்குக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக உலாத்தி மீதி அறுநூறைத் தீர்க்கிற ஆசாமிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த எண்ணை ஏதோ மகா வைத்திய சபை கூடி நிர்ணயித்தது என்று நினைக்க வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக் நடந்த மறு வருஷம், 1965-ல், ஜப்பானியக் கம்பெனி ஒன்று இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தார்கள். பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். சொல்ல வசதியான எண், விற்க வசதியான பெயர். 2019-ல் அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆராய்ச்சியில், சுமார் 7,500 அடிக்கு மேல் நடந்ததால் அதிகப்படி லாபம் தெரியவில்லை. ஆனாலும் அந்த மணிக்கட்டுக் கருவிகள் இன்னும் பத்தாயிரத்துக்கே பட்டாசு வெடிக்கின்றன.

நான் சொல்லுகிற வழி இவற்றைவிட மலிவானது. ஒரு நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிராமத்துச் சாலையில் இறங்கி நடங்கள்.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு உட்காருவதே தொழில். நாற்பத்து நாலு வயதில் என் எடை 91 கிலோ. கோயில் படிக்கட்டு ஏறினால் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வைத்தியர் ரத்தச் சர்க்கரைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கும்பகோணத்துக்குத் தெற்கே என் ஊரில் பக்கத்து வீட்டுக் கொல்லையில் போட்ட குட்டிகளில் ஒன்று அப்போது என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. ஜாதி நாய் இல்லை. செவலை நிறம், ஒரு காது மடங்கியது. விடியற்காலை ஐந்தேகாலுக்கு அது வந்து கட்டிலைப் பிறாண்டும். கருவியை அணைத்து வைக்கலாம், காலை நேரச் சங்கத்துக்குத் தலைவலி என்று சொல்லி அனுப்பலாம். நாயிடம் எந்தச் சமாதானமும் செல்லாது. தெருக் கோடியிலிருந்து வாய்க்கால் கரையோடு மதகு வரை 3 கிலோமீட்டர். திரும்ப 3 கிலோமீட்டர். பத்து மாதத்தில் 82 கிலோவுக்கு வந்தேன். முழுப் புகழும் நடைக்கு இல்லை. ஒரு மணி நேரம் நடந்து கரைப்பதை இரண்டு மெதுவடை ஐந்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிடும் என்பதால் வாயையும் கட்டினேன். ஆனால் மூச்சும் முழங்காலும் தேறியது நடையினால்தான்.

"நாய் கம்பத்துக்குக் கம்பம் நின்று மோப்பம் பிடிக்குமே, இது என்ன தேகாப்பியாசம்?" என்று ஒரு நண்பர் வாதாடுகிறார். நிற்கத்தான் நிற்கும். ராத்திரி அந்த வழியே யார் யார் போனார்கள் என்கிற சேதியெல்லாம் அதற்கு அங்கேதான் இருக்கிறது. நமக்குப் பேப்பர் மாதிரி. முதல் கால் மணி அதன் பாடு என்று விட்டுவிட்டால், பிறகு அது இழுக்கிற இழுப்பில் நாம் வியர்த்துப் போவோம். தவிர, வேகம் அல்ல சங்கதி. நாளைக்கும் போவோமா என்பதுதான் சங்கதி. 2019-ல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் ஓர் ஊரில் எண்ணிப் பார்த்தார்கள். வாரத்துக்கு 150 நிமிஷ உடலுழைப்பு என்ற அளவை எட்டுகிற வாய்ப்பு நாய் வளர்க்கிறவர்களுக்கு மற்றவர்களைப்போல் நாலு மடங்கு இருந்தது. நண்பரின் யந்திரம் நிமிஷத்துக்கு நூற்றிருபது அடி போகும்; அவர் அதில் ஏறினால்தானே?

சைபீரியப் பனிக்காகப் படைக்கப்பட்ட ரோமக் குவியலைச் சென்னையில் குளிர்சாதன அறையில் அடைத்து வைத்துக்கொண்டு "நானும் நாய்ப் பிரியன்" என்கிறவர்களை நான் இந்தக் கட்சியில் சேர்க்கமாட்டேன். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் பிறந்த நாடு இது. அதுவும் வேண்டாம், தெருவில் பிறந்தது போதும். ஒன்று மட்டும்: எந்த நாயானாலும் அதற்கு உள்ளங்காலில்தான் வியர்வை, மற்ற உஷ்ணமெல்லாம் மூச்சு வழியாகத்தான் போக வேண்டும். சித்திரை மாதத்துத் தார்ச் சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்கள் கை பொறுக்காவிட்டால் அதன் கால் பொறுக்காது.

கடி விஷயத்துக்கு வருகிறேன். தெருநாய் வழக்கு 2025-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து கூச்சல் போட்டது. ஒரு கட்சிக்கு நாய் தெய்வம். மறு கட்சிக்கு நாய் எமன். வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் ஆள் பிழைப்பது அநேகமாகக் கிடையாது. இதைச் சிரித்து ஒதுக்குகிறவன் மடையன். வருஷா வருஷம் ஊசி போடு. கயிற்றில் பிடித்துக்கொண்டு போ. கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு. இதைச் செய்யாமல் நாய் வளர்க்கிறவன்தான் நாயின் முதல் விரோதி. 'நாயே' என்று வைதுகொண்டே பைரவருக்கு வடைமாலை சாத்துகிற ஜனங்கள் நாம். நிதானத்தை எங்கே எதிர்பார்ப்பது? தர்மபுத்திரர் கடைசி யாத்திரையில், கூட நடந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் ஏறமாட்டேன் என்றார். அவர் போனது மலைப்பாதை. எதிரே மணல் லாரி வரவில்லை.

என் கோபமெல்லாம் அந்த லாரியிடம்தான். இல்லை, லாரிக்கு மட்டுமே சாலை போடுகிறவர்களிடம்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ச் சாலையில் தாருக்கு இரு புறமும் மண் ஓரம் இருந்தது, அதற்கப்பால் புளியமரம். மாடு, சைக்கிள், கதிர்க்கட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்த மண்ணில் போவார்கள். அகலப்படுத்துகிறோம் என்று மரத்தை வெட்டினார்கள். தாரை வாய்க்கால் விளிம்பு வரை கொண்டுபோனார்கள். இப்போது பஸ் வந்தால் நானும் நாயும் நாணல் புதரில் ஒரு காலும் தாரில் ஒரு காலுமாக நிற்கிறோம். புரட்டாசியில் குறுவை நெல்லையும் அதே தாரில்தான் காயப் போடுகிறார்கள். களம் இல்லாதவன் வேறு எங்கே போவான்? 2022-ஆம் வருஷம் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள் என்று அரசாங்கமே அச்சிட்டிருக்கிறது. அவர்களில் 32,825 பேர் சும்மா நடந்து போனவர்கள். நடைபாதை ஜீவாதார உரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிற்று. தீர்ப்பு எங்கள் மதகு வரை இன்னும் நடந்து வந்து சேரவில்லை.

"நட, நட" என்று ஊரெல்லாம் உபதேசம். சர்க்கரை வியாதிக்காரர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்று 2023-ல் கணக்குச் சொன்னார்கள். எங்கே நடப்பது என்று கேட்டால் பதில் இல்லை. மைதானத்துக்குக் காரில் போய் இறங்கி நட என்கிறார்கள்.

சென்ற அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபையில் எழுந்து, மதகு வரையிலாவது ஒரு பக்கம் நாலடி மண் ஓரம் விட வேண்டும் என்று கேட்டேன். பின்னாலிருந்து ஒருவர், "யாருக்கு சார், உங்களுக்கா, நாய்க்கா?" என்றார். நல்ல சிரிப்பு. "இந்தக் காலத்திலே யார் சார் நடக்கிறாங்க?" என்று கூடச் சேர்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த நடவு வேலைக் கிழவி ஒருத்தி திரும்பி, "ஏந் தம்பி, நாங்க நாப்பது பேரு இங்கே எதுல வந்தோம்னு நெனைச்சே?" என்று கேட்டாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். ஜனவரி 26-ல் அடுத்த சபை. பக்கத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.