தூங்கினவன் கன்று!

"தூங்கினவன் கன்று கடாக்கன்று!"

அம்பத்தூரில், அடுக்கு மாடி வீட்டில் வளரும் ஒரு சிறுவனிடம் இந்தப் பழமொழியைச் சொல்லிப் பாருங்கள். அவன் விழிப்பான். "கடாக்கன்று என்றால் என்ன?" என்று கேட்பான்.

அவன் மீது குற்றம் இல்லை. அவன் மாட்டுத் தொழுவத்தைப் பார்த்ததே இல்லை.

கதை இதுதான்:

ஒரே தொழுவத்தில் இரண்டு பேருடைய எருமைகள். இரண்டும் ஒரே இரவில் கன்று போட்டன. ஒன்று பெண் கன்று. மற்றது கடா, அதாவது ஆண் கன்று. பெண் கன்று வளர்ந்தால் பால் தரும். ஆகவே அதற்குத்தான் மதிப்பு. விழித்திருந்தவன் என்ன செய்தான்? பெண் கன்றைத் தன் எருமையிடம் விட்டான். கடாவைத் தூங்கினவன் எருமையிடம் தள்ளிவிட்டான்!

எவ்வளவு பெரிய கதை, மூன்றே சொற்களில்!

மெக்சிகோ நாட்டிலும் இப்படி ஒரு பழமொழி உண்டு. "தூங்குகிற இறாலை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும்" என்பார்கள். அங்கே இறால், இங்கே கன்று. சொல்லும் புத்தி ஒன்றுதான்.

வயல் போயிற்று

அம்பத்தூர் ஒரு காலத்தில் ஏரிப் பாசன ஊர். 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. 2011-ல் ஊர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஏரி இருக்கிறது. அது பாய்ந்த வயல்கள் வீடுகளாகவும் பட்டறைகளாகவும் மாறிவிட்டன.

வயல் போனால், வயலில் பிறந்த சொல்லும் போகவேண்டுமா?

"அகல உழுவதைவிட ஆழ உழு" என்கிறோம். அது உழவனுக்கு மட்டுமா? பட்டறையில் லேத்து வேலை பழகும் இளைஞனுக்கும் அதுதான் பாடம். நாலு வேலையை அரைகுறையாகக் கற்பதைவிட, ஒரு வேலையைத் திருத்தமாகக் கற்பது மேல்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது." உழக்கு என்றால் கால் படி. கடையில் அரிசி விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறோம். உழவன் படும் பாட்டை அறிய இந்த ஒரு வரி போதும்.

யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பணியாற்றியவர் பெர்சிவல் பாதிரியார். 1874-ல் அவர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். புத்தகத்தில் இருக்கின்றன. நம் வாயில் எத்தனை இருக்கின்றன?

பதரும் உண்டு

பழமொழி எல்லாமே நெல்மணி அல்ல. பதரும் உண்டு.

"அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு?" என்றும் சொல்லி வைத்தார்கள். தொழிற்பேட்டையில் ஒருநாள் காலை நின்று பாருங்கள். பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் சம்பளத்தில்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பே எரிகிறது!

இப்படிப்பட்ட பதரைத் தூற்றி எறியவேண்டியதுதான். பதருக்காக நெல்லையும் சேர்த்துக் கொட்டிவிடக் கூடாது.

பெற்றோர்களே! சாப்பிட உட்காரும்போது பிள்ளைகளுக்கு ஒரு பழமொழி சொல்லுங்கள். அதற்குள் இருக்கும் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால், வீட்டில் இருக்கும் பாட்டியைக் கேளுங்கள். இன்றே கேளுங்கள்.

நாம் தூங்கிவிட்டால், நம் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது கடாக்கன்றுதான்!