நிரல் நேராக நிக்க தமிழைத் தூக்க வேணுமா?

"டெர்மினல்ல தமிழ் போட்டா கோணும், பேசாம இங்கிலீஷில போடுங்கோ." புரோகிராமிங் பழக வரும் கலைப்பீடத்தாருக்குக் கிடைக்கிற முதல் அறிவுரை இது. நல்ல மனதோடுதான் சொல்லுவினம். ஆனால் அது பிழையான அறிவுரை.

கோணுவது ஏன் என்று பாருங்கள். பைதனில் ஊர்ப்பெயர்களுக்கு 12 இடம் ஒதுக்கி, எல்ஜஸ்ட் போட்டு அச்சிடுகிறோம். 'மட்டக்களப்பு' எங்களுக்கு 8 எழுத்து, பைதனுக்கு 12. 'ட்' என்பதில் டகரத்தையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணும். 12 நிரம்பிவிட்டது எண்டு ஒரு வெற்றிடமும் சேர்க்காது. 'காலி' 2 எழுத்து, பைதனுக்கு 4. ஆகவே 8 வெற்றிடம் சேர்க்கும். ஒரு வரி 8 எழுத்தோடு முடிய, மற்றது 10 வரை போகும். பிறகு கோணாமல் என்ன செய்யும்?

இதில தமிழின்ர குற்றம் எங்க? ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம் என்பது ஆங்கிலத்துக்குப் பொருந்தும் கணக்கு. சுவிஃப்ட் மொழியில் 'தமிழ்' என்பதை எண்ணச் சொன்னால் 3 என்று வரும். பைதன் 5 என்கிறது. இரண்டும் யூனிகோட்டைத்தான் பாவிக்கின்றன. எப்படி எண்ணுவது என்று முடிவெடுத்தது மனுசர்தான்.

பைதனிலும் வழி இருக்கு. ரீஜெக்ஸ் என்ற வெளி லைப்ரரியில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் கொடுத்தால் முழு எழுத்துகளாகப் பிரித்துத் தரும். அவற்றை எண்ணி, மிச்ச வெற்றிடத்தை நாங்களே சேர்க்கலாம். அப்பவும் கொஞ்சம் கோணும். 'ர'வும் 'ணை'யும் ஒரே அகலம் இல்லையே. அப்படியெண்டா வெளியீட்டை எச்டிஎம்எல் அட்டவணையாக எழுதுங்கோ. டெர்மினலை விடலாம், மொழியை ஏன் விட வேணும்?

கலைப்பீடத்தில் எங்கட தரவே சொற்கள்தான்: ஊர்ப்பெயர்கள், வாய்மொழிக் கதைகள், பழைய பத்திரிகைகள். நிரல் நேராகட்டும் எண்டு அதை ரோமன் எழுத்துக்கு மாற்றினால் 'வலி'யும் 'வளி'யும் ஒரே சொல்லாகிவிடும். பலர் எழுதுகிற மாதிரி ழகரத்துக்கும் எல் போட்டால் 'வழி'யும் அதோடு சேரும். அட்டவணை அழகா நிக்கும். தேடுறவருக்கு நோவும் காற்றும் பாதையும் ஒண்டாகிப் போகும்.

சிங்கள உயிர்க்குறிகளையும் பைதன் இப்படித்தான் தனியாக எண்ணுகிறது. அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு வகுப்பில கேப்பம்: இங்கிலீஷில போடச் சொல்லுறதை விட்டிட்டு, எங்கட எழுத்தை எண்ணச் சொல்லித் தாங்கோ.