பூண்டி, பூண்டு மூட்டை, ஒரு மில்லி செகண்ட்

டிஸ்கி: பொட்டி தட்டுற மக்களுக்கான பதிவு மாதிரிதான் தெரியும். ஆனா பாதிக்கு மேல பூண்டு மூட்டையும் லாரியும்தான் வரும். தைரியமா உள்ள வாங்க :-)

தங்கமணியோட ஊர் பூண்டி. சென்னைக்குத் தண்ணி குடுக்குற ஏரி இருக்கே, அந்தப் பூண்டி இல்லை. கொடைக்கானல்ல இறங்கி, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சின்னு பஸ் ஆடி ஆடிப் போய்ச் சேருமே, அந்தப் பூண்டி. சுத்திலும் படிப்படியா வெட்டின நிலம். பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ். ஏரிக்கரையில போட்டோ எடுத்துட்டு அன்னைக்கே இறங்குற கூட்டம் இந்தப் பக்கம் அதிகம் வராது. அந்த வகையில புண்ணியம் செஞ்ச ஊர்.

2016 தீபாவளிக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெரியவங்க பழைய கதை பேசுறதையெல்லாம் வீடியோவா எடுத்து வைக்கிறது என் வழக்கம். எடுத்ததை லேப்டாப்ல இருந்து மச்சான் வீட்டு மூலையில கிடக்குற பழைய டெஸ்க்டாப்புக்கு காப்பி பண்ணி வெச்சிட்டு வருவேன். டெஸ்க்டாப் ஒயர்ல ரவுட்டரோட கட்டியிருக்கும், லேப்டாப் வை-ஃபைல பேசும். வெளி இன்டர்நெட்டே இதுல கிடையாது. போன வருஷம் அரை மணி நேரத்துல முடிஞ்ச வேலை. இந்தத் தடவை சாப்பிட்டு வந்தும் ஓடுது, தூங்கி எழுந்தும் ஓடுது.

உடனே என்ன செஞ்சேன்? நாலு எழுத்து படிச்சவன் எல்லாரும் செய்யறதைத்தான். முதல்ல பனிமூட்டத்து மேல பழி போட்டேன். அப்புறம் மண் சுவரு தடிமன்னு சொன்னேன். கடைசியா, "மச்சான், இந்த ரவுட்டர் தேறாது, வேற வாங்கிருங்க"ன்னு தீர்ப்பே எழுதிட்டேன். அவரும் பாவம், அந்த வருஷம் பூண்டு வித்த காசுல புதுசு வாங்கிட்டு வந்தார். மாட்டினோம். ஒரு நிமிஷம்கூட குறையலை. சொந்த செலவில் சூனியம்னு சொல்வாங்க, இது மச்சான் செலவில் சூனியம்.

அப்பதான் மண்டையில பல்பு எரிஞ்சுது. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நடுவுல பனி மாறலை, சுவர் மாறலை. மாறினது என் லேப்டாப். லினக்ஸை அப்டேட் பண்ணியிருந்தேன். 3.13 கெர்னல் போய் 4.4 வந்திருந்தது. நல்லவேளையா பழைய கெர்னல் பூட் மெனுவுல இன்னும் உக்காந்திருந்தது. அதுல ஏத்தி காப்பி பண்ணினா பழைய வேகம். புதுசுல ஏத்தினா ஆமை. ரெண்டு தடவை இல்லை, ஆறு தடவை மாத்தி மாத்திப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

இன்னும் மூணு விஷயம் கவனிச்சேன். ஒண்ணு, டெஸ்க்டாப்ல இருந்து லேப்டாப்புக்கு இழுத்தா வேகம் சரியா இருக்கு, லேப்டாப் அனுப்பினாத்தான் நொண்டுது. ரெண்டு, ஐபெர்ஃப் வெச்சு யூடிபில தள்ளினா நல்லாத்தான் போகுது, டிசிபிலதான் கோளாறு. மூணாவதுதான் என்னை உலுக்கினது. ஒரே இணைப்புல அனுப்பினா மந்தம். நாலு இணைப்பு ஒரே நேரத்துல திறந்து அனுப்பினா மொத்த வேகம் கிட்டத்தட்ட பழையபடி வந்துருது! காத்துலயோ ரவுட்டர்லயோ கோளாறுன்னா நாலு பேரும் சேர்ந்துல்ல நொண்டணும்?

முறைப்படி பார்த்தா கிட் பைசெக்ட் பண்ணியிருக்கணும். நல்ல பதிப்பு ஒண்ணு, கெட்ட பதிப்பு ஒண்ணு காட்டினா நடுவுல உள்ளதை எடுத்துக் குடுக்கும். சோதிச்சு நல்லதா கெட்டதா சொன்னா மறுபடி பாதியாக்கும். 3.13க்கும் 4.4க்கும் நடுவுல லட்சத்தைத் தாண்டின மாற்றங்கள். பாதி பாதியா வெட்டினா பதினேழு பதினெட்டு தடவையில குற்றவாளி சிக்கிருவான். கேக்க சுலபம். ஒவ்வொரு தடவையும் கெர்னலைக் கம்பைல் பண்ணணும், என் லேப்டாப்புல அது மணிக்கணக்கு. நடுவுல பூண்டி கரண்ட் வேற தன் இஷ்டத்துக்கு வந்து போகும். நான் செய்யலைங்க. தேடிப் படிச்சதுல, அதே வேலையை ஒருத்தர் ஏற்கெனவே செஞ்சு முடிச்சிருந்தார்.

கதை 2012ல ஆரம்பிக்குது. இங்கதான் பூண்டு மூட்டை வருது.

மச்சான் தோட்டத்துல அறுவடை முடிஞ்சா மூட்டையெல்லாம் ரோட்டோரம் வந்துரும். லாரி வந்து ஏத்திக்கிட்டு வடுகபட்டி சந்தைக்கு இறங்கும். எல்லாரும் எல்லா மூட்டையையும் ஒரே நாள்ல கொண்டாந்து குவிச்சா என்ன ஆகும்? ஆஸ்பத்திரிக்கு ஒரு சின்னப் பையோட கீழ போகணும்னு நிக்கிற கிழவி, அந்தக் குவியலுக்குப் பின்னாடி நாள் பூரா நிக்கணும். நெட்வொர்க்ல இதுக்கு பஃபர்ப்ளோட்னு பேரு. வீட்ல ஒருத்தர் பெரிய ஃபைல் ஏத்தினா இன்னொருத்தரோட வீடியோ கால் உறைஞ்சு போகுமே, அது பெரும்பாலும் இந்த வியாதிதான். இதுக்காக ஊர் ஊரா கத்தினவர் டேவ் டாட். 2025ல காலமாயிட்டார். இன்னைக்கு நம்ம வீட்டு வை-ஃபைல கால் அறுந்து போகாம இருக்குன்னா அதுல அவருக்கும் பங்கு உண்டு.

இந்தக் குவியலைக் குறைக்க எரிக் டுமாசே எழுதினதுதான் டிசிபி ஸ்மால் க்யூஸ். 2012ல 3.6 கெர்னல்ல வந்தது. விதி ரொம்ப எளிசு: ஒரு விவசாயி ரோட்டோரம் இத்தனை மூட்டைக்கு மேல வைக்கக் கூடாது. முன்னாடி போனது இறங்கியாச்சுன்னு கீழ இருந்து தகவல் வந்தாத்தான் அடுத்ததைத் தோட்டத்துல இருந்து எடுக்கலாம். அருமையான யோசனை, இன்னைக்கும் சொல்றேன்.

சிக்கல், அந்த "இத்தனை" எத்தனைங்கறதுல. 2013ல அதை நிலையான எண்ணா வைக்காம, அப்போதைய வேகத்துக்கு ஒரு மில்லி செகண்ட்ல எவ்வளவு போகுமோ அவ்வளவுன்னு மாத்தினாங்க. ஒயர்ல நிமிஷத்துக்கு ஒரு லாரி. ரெண்டு மூட்டை இருந்தாலும் ஏத்திக்கிட்டுப் போயிரும், நஷ்டமில்லை. வை-ஃபை அப்படியா? அது மலைப்பாதை. காத்து காலியா இருக்கான்னு பார்க்கணும், கொஞ்சம் காத்திருக்கணும், முன்னுரை பாடணும், போனப்புறம் கிடைச்சுதுன்னு பதில் வாங்கணும். ஒரு பாக்கெட் அனுப்பினாலும் அதே செலவு, அறுபத்து நாலு அனுப்பினாலும் அதே செலவு. அதனாலதான் 802.11என்ல இருந்து பல பாக்கெட்டை ஒரே லோடா கட்டி அனுப்புற வழி வந்தது, ஒரு லோடுக்கு 64 கிலோபைட் வரைக்கும். இப்ப கணக்கு போடுங்க. வினாடிக்கு 100 மெகாபிட்னா ஒரு மில்லி செகண்டுக்கு 12,500 பைட். சுமாரா எட்டு பாக்கெட். நாப்பது மூட்டைக்கு மேல ஏத்துற லாரி எட்டு மூட்டையோட மலை இறங்குது. அதனால வேகம் குறையுது, வேகம் குறைஞ்சா அந்த ஒரு மில்லி செகண்ட் பங்கும் குறையுது, அடுத்த லாரியில இன்னும் கம்மி மூட்டை. வெளிய வரவே முடியாத சுழல்.

இந்த விதி ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. அதான் நாலு இணைப்பு திறந்தப்ப நாலு விவசாயி நாலு பங்கு வெச்சாங்க, லாரி நிறைஞ்சுது. என் மூணாவது சோதனைக்கு விடை இதுதான்.

சுவாரசியம் என்னன்னா, 2013லயே வை-ஃபைக்காரங்க புகார் சொல்லி, அதே நவம்பர்ல குறைஞ்சபட்ச அளவைத் திரும்பக் கொண்டு வந்தாங்க. அதனாலதான் என் 3.13 தப்பிச்சுது. ஆனா 2014 டிசம்பர்ல வேற ஒரு மெருகேத்தல் நடந்தப்ப அந்தப் பாதுகாப்பு காணாமப் போச்சு. 3.19ல வெளிவந்தது. 2015 தொடக்கத்துல ஏடிஎச்10கே டிரைவர்ல வேலை செய்யறவர் ஒருத்தர் பைசெக்ட் பண்ணி, இந்த ஒரே மாற்றம்தான்னு விரல் நீட்டிக் காட்டினார். அப்புறம் என்ன, பஞ்சாயத்துதான். டிரைவர் "அனுப்பியாச்சு"ன்னு தகவல் சொல்ல ஒரு மில்லி செகண்டுக்கு மேல எடுத்துக்கறது டிரைவரோட தப்புன்னு ஒரு பக்கம். லோடு கட்டுறதுன்னாலே காத்திருக்கணும், அது வை-ஃபையோட பிறவிக் குணம்னு இன்னொரு பக்கம். 2017 நவம்பர்லதான் எரிக் டுமாசேவே, அந்தப் பங்கை டிரைவர்களே மாத்திக்கலாம்னு ஒரு திருகாணி வெச்சுக் குடுத்தார். 2018ல டோக்க ஹோய்லண்ட்-யோர்கன்சன் வை-ஃபை அடுக்குல அதைத் திருகி ஒண்ணை நாலு மில்லி செகண்ட் ஆக்கினார். ஏடிஎச்9கே கார்டுகள்ல வேகம் மடங்குக்கணக்கில் ஏறிச்சு. தாமதம் கூடினது சில மில்லி செகண்ட்தான். இதுக்குப் பின்னாடி இத்தாலி மோதெனா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களோட அளவீடுகளும் உண்டு.

2015க்கும் 2018க்கும் நடுவுல மூணு வருஷம். என் ஆதங்கம் அங்கதான்.

மாற்றம் எழுதினவரைத் திட்ட நான் தயாரில்லை. அவர் கண்ணுக்கு முன்னால இருந்த உலகத்துல அது சரியான மாற்றம். திரும்பி வந்து சரிசெஞ்சதும் அவர்தான். "பேசாம எல்லாத்தையும் ரிவர்ட் பண்ணியிருக்கலாமே"ன்னு சொல்றவங்களோடவும் எனக்கு ஒப்புதல் இல்லை, கிழவி மறுபடி குவியலுக்குப் பின்னாடி நிப்பா. ஆனா "ஒரு மில்லி செகண்ட்"ங்கற அந்த எண்ணுக்குள்ள ஒரு ஒயர் ஒளிஞ்சிருந்துது. அதை எழுதினப்ப யாரும் மலைப்பாதையில லாரி ஓட்டிப் பார்க்கலை. ஒரு சர்வர் ரூம்ல ஒரு சதவீதம் சரிஞ்சா கிராஃப் போட்டு அலறுவாங்க. பூண்டியில பாதிக்கும் கீழ சரிஞ்சா? "மலைல சிக்னல் அப்படித்தான் மாப்ள"ன்னு மச்சான் சொல்வார். மலைமேல தலையாட்டிக்கிட்டே ரவுட்டர் மாத்தற ஜனங்க எத்தனையோ. அவங்க புகார் எந்தக் கணக்குலயும் வராது, ஏன்னா புகார் சொல்லணும்னே அவங்களுக்குத் தெரியாது. ஓரத்துல இருக்கறவனுக்கு வேலை செய்யலைன்னா பழி ஓரத்து மேலயே விழும். நானே போட்டேனே!

மாத்தி யோசிச்சவங்களும் நம்ம பக்கத்துலயே இருந்தாங்க. கீழ தேனியில அரவிந்த் கண் மருத்துவமனை. 2000களின் நடுவுல பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்து, அங்கிருந்து சுத்துப்பட்டு ஊர்களோட கண் பரிசோதனை மையங்களுக்கு வை-ஃபையையே நெடுந்தூரத்துக்கு நீட்டினாங்க. ஊர்ல உக்காந்திருக்கிற நோயாளியை தேனி டாக்டர் வீடியோல பார்க்கறதுக்கு. வீட்டு ஹாலுக்குன்னு எழுதின வை-ஃபை விதிகள் பல கிலோமீட்டருக்குத் தாங்காதுன்னு அளந்து பார்த்தாங்க. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பதில் கேக்காம மொத்தமா பதில் சொல்றது, முறை வெச்சுப் பேசறதுன்னு விதியையே மாத்தினாங்க. வைல்ட்நெட்னு பேரு, 2007ல ஆய்வுக்கட்டுரையா வந்தது. கட்டுரையை விடுங்க, என்னைக் கவர்ந்தது அவங்க இடத்துக்கு வந்து அளந்தது. நல்ல டெஸ்ட் லேப்ல வை-ஃபை எப்பவும் நல்லாத்தான் இருக்கும்.

நம்ம பங்குக்கும் ஒண்ணு இருக்கு. நம்ம ஆட்கள்ல கோட் எழுதறவங்க எக்கச்சக்கம், ஆனா "நெட் ஸ்லோ"ங்கறதைத் தாண்டி ஒரு புகார் எழுதறவங்க கம்மி. எந்தத் திசை, எந்த நெறிமுறை, ஒரு இணைப்பா நாலா, எந்தக் கெர்னல்ல நல்லா இருந்துது. இந்த நாலு வரியைத் தமிங்கிலீஷ்ல எழுதினாக்கூட அது பைசெக்ட் பண்ற யாரோ ஒருத்தருக்கு ரெண்டு நாளை மிச்சம் பண்ணும். நான் எழுதலை. ஆறு தடவை மாத்தி மாத்தி சோதிச்சு, ஒரு நோட்டுல குறிச்சு, பெட்டிக்குள்ள வெச்சுட்டேன். டிசிபி வரம்பு எண்ணை ஏத்துங்கன்னு யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் பத்து மடங்கு ஏத்திப் பார்த்தேன், அசையலை. அசையாது, ஏன்னா அது மேல் வரம்பு. கீழ இருக்கிற ஒரு மில்லி செகண்ட் பங்குதான் இறுக்கிப் பிடிச்சிருந்துது. அது புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

2018 கடைசியில 4.17க்கு மாறிட்டு பூண்டி போனேன். பழைய ரவுட்டரையே எடுத்து மாட்டச் சொன்னேன். அந்த வருஷ வீடியோவெல்லாம் காபி ஆறதுக்குள்ள இல்லைன்னாலும், அரை மணி நேரத்துல ஏறிருச்சு. மச்சானுக்கு லாரி, மூட்டை எல்லாம் சொல்லி விளக்கினேன். பொறுமையா கேட்டார். லாரி வாடகையைப் பத்தி அவருக்கு நான் சொல்லித் தரணுமா என்ன. கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"அப்ப அந்த ரவுட்டர் காசு?"

இன்னும் குடுக்கலைங்க.