புகழுக்குப் பரிசா, பயிற்றுநர் பதவி?

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு காற்பந்துக் குழு தொடர்ந்து மூன்று நான்கு ஆட்டங்களில் தோற்றுவிட்டால், பயிற்றுநரை நீக்க வேண்டும் என்ற குரலும், அந்தக் குழுவுக்காக ஒரு காலத்தில் கோல்களைக் குவித்த பழைய நட்சத்திரம் ஒருவரை அவருடைய ஸ்தானத்தில் அமர்த்த வேண்டும் என்ற குரலும் ஏறக்குறைய ஒரே நாளில் எழுவதை நாம் பல பருவங்களாகப் பார்த்து வருகிறோம். பிரிக்பீல்ட்ஸ் உணவுக் கடைகளிலும் கிள்ளான் மாமாக் கடைகளிலும் நள்ளிரவு தாண்டியும் ஒலிக்கும் இந்தக் கோரிக்கை அன்பிலிருந்து பிறப்பது. தம் வாலிபப் பருவத்தை ஒளிபெறச் செய்த ஒரு மனிதரிடம் ரசிகர் கொண்டிருக்கும் நன்றியை நாம் மதிக்கிறோம். ஆனால், அந்த நன்றியையே ஒரு நியமனத்துக்குரிய தகுதியாக ஏற்றுக்கொண்டு, பதினைந்து வயதுச் சிறுவர் குழுவைக்கூட ஒரு பருவம் நடத்திப் பார்த்திராத ஒருவரிடம் முதல்நிலைக் குழுவை ஒப்படைக்கும் யோசனையை நிர்வாகங்கள் அறவே கைவிட வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

ஆடுவது ஒரு வித்தை. ஆட்டுவிப்பது வேறொரு வித்தை. சிறந்த ஆட்டக்காரன் பந்து தன் காலுக்கு வருமுன்பே எங்கே திரும்ப வேண்டும் என்பதை அறிந்திருக்கிறான். எப்படி அறிந்தான் என்று கேட்டால் அவனால் சொல்ல முடிவதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் அவனுக்கு நேர்ந்ததில்லை. பயிற்றுநருக்கோ சொல்லத் தெரிவதே தொழில். தன்னைவிடத் திறமை குறைந்த இருபத்தைந்து பேருக்கு அவரவர் கிரகிக்கும் முறையில் எடுத்துரைப்பது, வெப்பமும் மழையும் மாறி மாறி வாட்டும் இந்நாட்டில் யாருடைய கால்கள் எந்த வாரம் களைக்கும் என்று முன்கூட்டியே கணிப்பது, தனக்குச் சாதகமாகப் போய்க்கொண்டிருக்கும் ஆட்டத்தை எதிரணிப் பயிற்றுநர் அறுபதாவது நிமிடத்தில் திருப்பிவிட்டால் அந்தக் கணமே மாற்று வழி காண்பது ஆகிய இவையெல்லாம் பழகிப் பழகித் தவறு செய்து கற்றுக்கொள்ள வேண்டியவை. நமது லீக்கில் இவற்றோடு இன்னொரு சுமையும் சேர்ந்துகொள்கிறது. சம்பளப் பாக்கி என்னும் வியாதி மலேசியக் குழுக்கள் பலவற்றைப் பீடித்திருப்பது ஊரறிந்த செய்தி. மாதக் கணக்கில் ஊதியம் காணாத ஆட்டக்காரர்களை மறுநாள் பயிற்சிக்கு வரச்செய்து, ஒரு மனத்தினராய்க் களத்தில் இறக்குவது எத்தகைய அனுபவசாலியையும் திணற வைக்கும் காரியம். அதனைப் புதியவர் ஒருவரின் முதல் பரீட்சையாக வைப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

ஐரோப்பாவில் இத்தகைய சோதனைகள் எவ்வாறு முடிந்தன என்பதைத் தொலைக்காட்சி வழியாக நம் ரசிகர்கள் கண்கூடாகக் கண்டிருக்கிறார்கள். 2009 ஏப்ரலில் எட்டே ஆட்டங்கள் எஞ்சியிருந்த நிலையில் நியூகாசல் குழுவை அதன் மகத்தான மைந்தர் ஆலன் ஷியரரிடம் கொடுத்தார்கள். ஒரே ஒரு ஆட்டத்தில்தான் வெற்றி கிட்டியது, குழு கீழ்ப் பிரிவுக்கு இறங்கிற்று. தொலைக்காட்சியில் ஆட்டங்களைப் பகுத்துரைப்பதில் இணையற்றவர் என்று போற்றப்பட்ட கேரி நெவில், 2015 டிசம்பரில் வலென்சியா குழுவை ஏற்று, பார்சிலோனாவிடம் 0-7 என்று தோற்ற அவமானத்தையும் சுமந்து, நான்கு மாதங்கள் நிறைவதற்குள் வெளியேறினார். ஆந்திரேயா பிர்லோவின் கதை இன்னும் துலக்கமானது. 2020 ஜூலை இறுதியில் யுவெண்டஸின் 23 வயதுக்குட்பட்டோர் குழுவுக்கு நியமிக்கப்பட்ட அவர், அங்கே ஓர் ஆட்டத்தைக்கூட நடத்துமுன், பத்து நாள்கூட ஆகாத நிலையில் முதல் குழுவுக்கு உயர்த்தப்பட்டார். உயர்நிலைச் சான்றிதழே நியமனத்துக்குப் பிறகுதான் அவர் கைக்கு வந்தது. இரண்டு கிண்ணங்களை வென்றார் என்பது மெய். ஆயினும் தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் லீக் பட்டத்தைத் தன் வசம் வைத்திருந்த குழு அவர் கையில் நான்காம் இடத்துக்குச் சரிய, ஒரே பருவத்தில் அவரும் பதவி இழந்தார்.

விதிவிலக்குகள் இல்லையா என்று கேட்பவர்களுக்கு, உண்டு என்றே விடை கூறுவோம். பயிற்றுநர் சான்றிதழ் எதுவும் இல்லாமல் 1984இல் மேற்கு ஜெர்மனியின் பொறுப்பை ஏற்ற பெக்கன்பாவர் 1986இல் இறுதியாட்டத்தை எட்டி, 1990இல் உலகக் கிண்ணத்தை வென்றார். ஆனால் அவருக்குப் பயிற்றுநர் என்ற பட்டத்தைக்கூட ஜெர்மானியர் வழங்கவில்லை. வேறொரு பெயரில் அவரை அமர்த்தி, முறையாகப் பயின்றவர்களை அருகிலேயே நிறுத்தியிருந்தார்கள் என்பதை அவரை உதாரணம் காட்டுவோர் மறந்துவிடுகிறார்கள். தமிழகத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 2014இல் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் சென்னையின் எஃப்சிக்கு வந்த மார்க்கோ மத்தெராத்சி, அடுத்த ஆண்டே அந்தக் குழுவை இந்தியன் சூப்பர் லீக் சாம்பியனாக்கினார். அந்நாளில் அது சில மாதங்களில் முடிந்துவிடும் போட்டி. நீண்ட பருவத்தின் தேய்மானத்தை அங்கே யாரும் சமாளிக்க வேண்டியிருக்கவில்லை. 2016இல் அதே மனிதரின் கீழ் அதே குழு எட்டுக் குழுக்களில் ஏழாவதாக நின்றது.

நம் அண்டையில் நடந்தவை இவற்றைக் காட்டிலும் நமக்கு அதிகம் கற்பிக்கின்றன. 1990களில் சிலாங்கூரின் தற்காப்பு அரணாக விளங்கி ரசிகர்களின் அபிமானத்தைப் பெற்ற ஆஸ்திரேலியர் மெஹ்மெட் துராக்கோவிச்சிடம், தலைமைப் பயிற்றுநராக அனுபவம் ஏதுமற்றிருந்த காலத்தில், ஆஸ்திரேலியக் கிளப்பான மெல்பர்ன் விக்டரி தன் குழுவை 2011இல் ஒப்படைத்தது. 2012 ஜனவரியிலேயே அவரை நீக்கியது. அந்தக் காயத்தின் அனுபவத்தோடுதான் அவர் ஷா ஆலாமுக்கு வந்தார். 2015இல் கெடாவை 2-0 என்று வீழ்த்தி, சிலாங்கூருக்கு 33ஆவது மலேசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தார். அவருடைய கல்விக்கு மெல்பர்ன் விலை கொடுத்தது. பலனைச் சிலாங்கூர் அனுபவித்தது. அத்தகைய விலையைக் கொடுக்கும் நிலையில் நம் குழுக்கள் இருக்கின்றனவா?

ஆனால் இவ்விஷயத்தில் நாம் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டிய பெயர் கே. ராஜகோபால். சிலாங்கூருக்கும் தேசியக் குழுவுக்கும் ஆடிப் பெயர் பெற்ற அவர், அந்தக் கீர்த்தியை ஏணியாகக் கொண்டு ஒரே தாவலில் உச்சிக்கு ஏறியவர் அல்லர். கிளப்புகளிலும் இளையோர் குழுக்களிலும் பல ஆண்டுகள் உழைத்து, வாலிபர்களின் இயல்பை அணு அணுவாக அறிந்த பின்னரே 2009இல் தேசியப் பொறுப்பு அவரிடம் வந்தது. அவ்வாண்டு வியந்தியானில் வியட்நாமை 1-0 என்று வென்று, 1989க்குப் பிறகு, அதாவது இருபது ஆண்டுகளுக்குப் பின், சீ விளையாட்டுப் போட்டியின் காற்பந்துத் தங்கத்தை இந்நாட்டுக்கு அவர் கொண்டுவந்தார். மறு ஆண்டு, அந்த வாலிபர்களில் பலரை நம்பியே தென்கிழக்காசியக் கிண்ணத்துக்குப் புறப்பட்டபோது, முதல் ஆட்டத்திலேயே ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று அடி விழுந்தது. புகழை மட்டுமே மூலதனமாகக் கொண்ட ஒருவர் அந்த இரவில் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டக்காரர்களைப் பழித்திருப்பார், அல்லது குழுவைத் தலைகீழாக மாற்றியிருப்பார். ராஜகோபால் இரண்டையும் செய்யவில்லை. தாய்லாந்தோடு சமநிலை கண்டு, லாவோசை வென்று, அரையிறுதியில் வியட்நாமைத் தாண்டி, அதே இந்தோனேசியாவை டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில் 3-0 என்று சாய்த்தது அவருடைய குழு. ஜகார்த்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 1-2 என்று தோற்றபோதிலும் மொத்தக் கணக்கில் 4-2 என வென்று, மலேசியா முதன்முறையாக அந்தக் கிண்ணத்தை ஏந்தியது. ஒரு மாதத்துக்குள் 1-5 என்ற தோல்வியை வாகையாக மாற்றிய அந்த நிதானம், நீண்ட உழைப்பினால் மட்டுமே சித்திப்பது.

அவர் தனி மரமும் அல்லர். 2010இல் கிளந்தானுக்கு அதன் முதல் மலேசியக் கிண்ணத்தை வென்று தந்து, பின்னர் 2019இல் சிலாங்கூரை சூப்பர் லீக்கில் மூன்றாம் இடத்தில் நிறுத்திய பி. சத்தியநாதன், 2021இல் நெகிரி செம்பிலானை மீண்டும் முதல் பிரிவுக்கு ஏற்றிய கே. தேவன், உள்நாட்டு ஆட்டக்காரர்களை மட்டுமே கொண்டு பெட்டாலிங் ஜெயா சிட்டியை 2022இல் சூப்பர் லீக்கில் நடத்திய பி. மணியம் என்று நீளும் இவ்வரிசை, இந்நாட்டுத் தமிழர் பெருமைகொள்ளத் தக்கது. சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தியையும் இதில் சேர்க்கலாம். சுவிட்சர்லாந்தின் பாசல் வரை சென்று ஆடிய அந்த மாயக்காலர், உள்ளூர்க் கிளப்புகளையும் இளையோர் குழுவையும் பல ஆண்டுகள் பயிற்றுவித்த பிறகே நம் லீக்கில் ஆடிய சிங்கப்பூரின் லயன்ஸ் XII குழுவின் பொறுப்புக்கு வந்து, 2013இல் நமது சூப்பர் லீக்கையே வென்றார். பிற்காலத்தில் சிங்கப்பூர் தேசியக் குழுவை ஏற்று அவர் சிரமப்பட்டதையும் நாம் மறைக்கவில்லை. அனுபவம் வெற்றிக்கு உத்தரவாதம் தராது. ஆனால் அனுபவமின்மை தோல்விக்கு வழி திறந்து வைக்கிறது.

தேசியக் குழுவில் தமிழ் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை முந்திய தலைமுறையோடு ஒப்பிட இயலாதவாறு குறைந்துவிட்ட இந்நாளில், பயிற்றுநர் துறை நம்மவருக்குத் திறந்திருக்கும் வாசல்களில் ஒன்று. அந்த வாசல் பொறுமையாகப் படியேறுபவனுக்கு உரியது. கிள்ளானில் ஒரு பள்ளித் திடலில் மாலைதோறும் சிறுவர்களைப் பழக்கி, சேமித்த பணத்தில் சி, பி, ஏ என்று ஒவ்வொரு சான்றிதழாகப் பெற்றுவரும் ஒருவனிடம், நட்சத்திரமாக இருந்தவருக்குப் படிகள் தேவையில்லை என்று குழுக்கள் சொல்லுமானால், அவன் சிரத்தைக்கு என்ன மதிப்பு எஞ்சும்? இந்த அநீதியே நம்மை மிகவும் வருத்துகிறது.

நிர்வாகங்கள் ஏன் இதைச் செய்யத் துணிகின்றன என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெரிய பெயர் அரங்கை நிரப்பும், பத்திரிகைகளுக்குச் செய்தியாகும், எல்லாவற்றுக்கும் மேலாக, ரசிகரின் கோபத்தை நிர்வாகக் குழுவிடமிருந்து திசைதிருப்பும். பழைய வீரர் அங்கே கேடயமாக நிறுத்தப்படுகிறார். ஆறு மாதங்களில் அவர் வீழ்ந்ததும், முப்பது ஆண்டுகள் பேணப்பட்ட அவர் புகழுக்கும் களங்கம் நேருகிறது. ஒப்பந்தங்களைத் தவறாகச் செய்தவர்களும் சம்பளத்தைத் தாமதித்தவர்களும் தத்தம் நாற்காலிகளில் அப்படியே அமர்ந்திருக்கிறார்கள்.

ஆகவே, மலேசியக் காற்பந்துச் சங்கம் சான்றிதழைக் கேட்பதோடு திருப்தியடைந்துவிடலாகாது. முதல்நிலைக் குழுவின் தலைமைப் பயிற்றுநராக விரும்பும் எவரும், எத்தனை கிண்ணங்களைக் கையில் ஏந்தியவராயினும், குறைந்தது இரண்டு முழுப் பருவங்கள் இளையோர் குழு ஒன்றையோ கீழ்ப் பிரிவுக் குழு ஒன்றையோ பொறுப்பேற்று நடத்தியிருக்க வேண்டும் என்ற விதியை அது இயற்ற வேண்டும். சிலாங்கூரும் கோலாலம்பூரும் அந்த விதிக்குக் காத்திராமல், ஓய்வுபெறும் தம் ஆட்டக்காரர்களுக்கு இளையோர் குழுக்களில் ஊதியத்தோடு கூடிய இடங்களை இப்போதே ஒதுக்கலாம். ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைமையகம் புக்கிட் ஜாலிலில் இருக்கிறது. மலேசியச் சங்கத்தின் அலுவலகம் கிளானா ஜெயாவில், பிரிக்பீல்ட்ஸின் சென்ட்ரல் நிலையத்திலிருந்து ஒரே ரயிலில் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே, பயில விரும்புவோருக்குத் தடையாக இருப்பது தொலைவு அல்ல, கட்டணமே. விழாக்களுக்கும் விருதளிப்புகளுக்கும் தாராளமாகச் செலவிடும் நமது இந்தியர் அமைப்புகள், ஆண்டுக்குச் சில முன்னாள் தமிழ் ஆட்டக்காரர்களின் பயிற்றுநர் வகுப்புக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ள முன்வர வேண்டும்; அதற்கான விண்ணப்பத்தை அடுத்த பருவம் தொடங்குமுன் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.