120 பிரேம் ஃபோன் இல்லாவிட்டால் தோல்விதானா?



2024இல் பப்ஜி மொபைல் 120 பிரேம் வசதியைக் கொண்டுவந்தது. "அந்த ஃபோன் இல்லாம வெல்ல ஏலாது" என்று பிள்ளைகள் நிற்கிறார்கள். தவணைக்காவது எடுப்போமா என்று பெற்றோர் எங்களிடம் கேட்கிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். 30 பிரேமில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 33 மில்லிசெக்கன். 60இல் 17. 120இல் 8. அதாவது, 30இலிருந்து 60க்குப் போனால் 16 லாபம். 60இலிருந்து 120க்கு 8 மட்டும்தான். கண் கண்டு விரல் அசையவே சுமார் 200 மில்லிசெக்கன் போகிறது. திரை 60 ஹேர்ட்ஸ் என்றால் 120 பிரேம் அதில் தெரியவும் மாட்டாது.

பயனே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பரிசுக்காக மோதும் சமபல வீரர்களுக்கு அந்த 8ம் பெரிதுதான். ஆனால் மலை மறைத்து சிக்னல் ஒரு கோடாகி, பிங் 100ஐத் தாண்டினால்? அந்தத் தாமதத்தை 120 பிரேம் தீர்க்காது.

60 பிரேம் விழாமல் ஓடினால் நம் பிள்ளைகளுக்குத் தாராளம். கிராபிக்ஸைக் குறைத்து, ஃபோன் சூடாகாமல் விளையாடச் சொல்லுங்கள். கொழுந்து பறித்த சம்பளத்தில் தவணை கட்டி 8 மில்லிசெக்கன் வாங்க வேண்டாம்.