எரிந்தால்தான் ஆறுமா?

கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் தலைவரும் தாங்களே என்பதால் இதை எழுதுகிறேன்.

கல்வராயன் மலையில் அரிவாள் வெட்டானாலும், கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில் முள் கிழித்தாலும், ஆறாத சர்க்கரைப் புண்ணானாலும் வைத்தியம் ஒன்றுதான். நுரை பொங்கப் பொங்க ஹைட்ரஜன் பெராக்சைடு. அதன்மேல் போவிடோன் அயோடின். வீட்டிலென்றால் தண்ணீர் கலக்காத டெட்டால். “எரியுதா? அப்ப மருந்து பிடிக்குது” என்று தைரியம் சொல்வார்கள்.

எரிவது நம் சதைதான். முதல் உலகப் போரில் பிரான்சில் வீரர்களின் புண்களை ஆராய்ந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், கிருமிநாசினிகள் கிருமியைவிட அதை எதிர்க்கும் வெள்ளணுக்களையே அதிகம் அழிப்பதைக் கண்டார். 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள், புதுச்சதையை உருவாக்கும் மனிதச் செல்கள்மீது 1 சதவீத போவிடோன் அயோடினையும் 3 சதவீதப் பெராக்சைடையும் சோதித்தார்கள். செல்கள் மடிந்தன. அயோடினை ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்தபோது செல்கள் தப்பின, கிருமி செத்தது. பெராக்சைடை எவ்வளவு நீர்க்கச் செய்தாலும் அந்த நன்மை கிடைக்கவில்லை. செல்களுக்குத் தீங்கு தீருமுன்பே கிருமியைக் கொல்லும் வலு போய்விட்டது. கட்டுக் கட்டும் அறைகளில் இருப்பதோ 5, 10 சதவீத அயோடின்.

இவை ஆய்வுக்கூடத் தட்டில் கண்டவை. உடம்பில் பாதிப்பு இதே அளவுக்கு இருக்க வேண்டியதில்லை. அறுவைக்கு முன் தோலைத் துடைக்கவும், சீழ் பிடித்த புண்ணுக்கு மருத்துவர் சொல்லும் சில நாட்களுக்கும் கிருமிநாசினி தேவைதான். சிவந்து புதுச்சதை எழும்பிய புண்ணில் தினமும் ஊற்றுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். அங்கே சலைன் எனும் உப்புநீர் போதும். அதுவும் இல்லையென்றால் கொதிக்கவைத்து ஆற்றிய நல்ல தண்ணீர் போதும்.

மலையில் புண் ஆறுவது ஒரு வாரம் தள்ளிப்போனால் போவது ஒரு வாரக் கூலி. ஒவ்வொரு கட்டுக்கும் பேருந்துக் காசு, கூட வருபவரின் நாள், மரவள்ளிக் காட்டில் நின்றுபோகும் வேலை. எரிச்சலுக்குப் பயந்து கட்டு மாற்ற வராமலே இருந்துவிடுபவர்களும் உண்டு. அவர்களை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

மலையின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தொடங்கி துணை சுகாதார நிலையங்கள் வரை எல்லாவற்றிலும் சலைன் பாட்டில் தீராமல் இருக்க உத்தரவிடுங்கள். எந்தப் புண்ணுக்கு எது, எத்தனை நாள் என்று சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி அறுவைத் துறையினரிடம் தமிழில் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். அது கட்டுக் கட்டும் அறைச் சுவரில், செவிலியர் கண்ணுக்கு நேரே இருக்கட்டும். வீடு தேடிப் போகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்களின் பையிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

இப்படிக்கு,
கல்வராயன் மலைவாசி ஒருவர்