ஓட்டமும் தண்டாலும்: கலந்து செய்தால் போதுமா?

ஓட்டப்பிடாரத்துக்குப் பேரிலேயே ஓட்டம் இருக்கிறது! (சும்மா ஒரு வேடிக்கைக்கு.) வ.உ.சி. பிறந்த ஊர், பக்கத்திலேயே கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி... வீரத்துக்குப் பஞ்சமில்லாத மண். ஆனால் இன்று இந்தப் பக்கத்துப் பையன்கள் விடியுமுன் எழுந்து கரிசல் காட்டு ரோட்டில் ஓடுவது வீரத்தைக் காட்ட அல்ல, வேலைக்காக. ஒன்று போலீஸ், இல்லையென்றால் ராணுவம்.

அவர்களில் பலர் செய்வது ஒரு கலவைப் பயிற்சி. 400 மீட்டர் ஓட்டம், நின்று 20 தண்டால், மறுபடி 400 மீட்டர், அப்புறம் 20 பஸ்கி. இப்படியே ஐந்தாறு சுற்று. இது புதுசு ஒன்றும் இல்லை. பல பயிற்சிகளை இடைவெளி விடாமல் சுற்றாகச் செய்யும் முறையை 1953-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆடம்சன் என்ற இருவர் வகுத்தார்கள். தண்டாலும் பஸ்கியும் அதற்கு வெகு காலம் முன்பே நம் நாட்டில் இருந்தவை.

சரி, இந்தப் பயிற்சி தேறுமா? வரவு செலவு பார்த்துவிடலாம்.

முதலில் வரவு. காசு செலவில்லை. ஜிம் வேண்டாம், மெஷின் வேண்டாம், ஒரு ஜோடி ஷூ போதும். நேரமும் மிச்சம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு: பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு அல்லது 75 நிமிடம் கடுமையான உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி. கலவைப் பயிற்சியை வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வீதம் செய்தால் இரண்டுமே முடிந்துவிடும். உடம்பு நன்றாக இருந்தால் போதும் என்பவருக்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

இனி செலவு. போலீஸ் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அதாவது 400 மீட்டருக்கு 112 நொடி. ராணுவத்தில் 1.6 கி.மீ. ஓட்டத்துக்கு முழு மதிப்பெண் 60 வாங்க 5 நிமிடம் 30 நொடிக்குள் முடிக்க வேண்டும். ஒரு 400-க்கு சுமார் 82 நொடி, நான்கு முறை, நிற்காமல்! கலவைப் பயிற்சியிலோ ஒவ்வொரு 400-க்கும் ஓட்டம் நின்றுவிடுகிறது. தண்டால் எடுக்கும்போது கால் ஓய்வெடுக்கிறது. மூன்றாவது சுற்றில் மூச்சு முட்டும்போது வேகத்தைப் பிடித்து வைப்பது எப்படி என்று உடம்புக்குத் தெரியாமலே போகிறது.

இரண்டாவது, கை. தண்டால் தள்ளுகிற பயிற்சி. பஸ்கி காலுக்கு. ஆனால் தேர்வில் கேட்பது இழுக்கிற பலம்! போலீஸில் குறைந்தது 5 மீட்டர் கயிறு ஏற வேண்டும், கூடுதல் மதிப்பெண்ணுக்கு 6 மீட்டர். ராணுவத்தில் புல்-அப்ஸ், 10 எடுத்தால் 40 மதிப்பெண். நூறு தண்டால் எடுப்பவன்கூட கயிற்றில் பாதியில் தொங்கி நிற்பது இதனால்தான். அவன் சோம்பேறி இல்லை. தேவைப்பட்ட தசையை ஒரு நாளும் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, களைப்பு. ஓடி இளைத்தபின் எடுக்கும் தண்டாலில் இடுப்பு தொங்குகிறது, நெஞ்சு பாதிதான் இறங்குகிறது. எண்ணிக்கை ஏறுகிறது, பலம் ஏறுவதில்லை. 1980-ல் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பலப் பயிற்சியும் ஓட்டம் போன்ற தாங்குதிறன் பயிற்சியும் சேர்த்துக் கடுமையாகச் செய்தவர்களைப் பத்து வாரம் கவனித்தார். கடைசி வாரங்களில் அவர்களுடைய பலம் மேலே ஏறாமல் நின்றுவிட்டது.

அப்படியானால் விட்டுவிடலாமா? வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் கலவை. இரண்டு நாள் ஓட்டம் மட்டும், அதுவும் கையில் கடிகாரத்தோடு. இரண்டு நாள் கயிறும் கம்பியும். ஒரு நாள் ஓய்வு. கம்பிக்கு ஜிம் தேட வேண்டாம், தாங்குகிற வேப்பங்கிளையில் கனமான கயிறு ஒன்றைக் கட்டினாலே பாதி வேலை முடிந்தது.

வியர்வை நிறைய வந்தால் பயிற்சி நல்ல பயிற்சி என்று நினைப்பது சுலபம். ஆனால் தேர்வு மைதானத்தில் வியர்வையை யாரும் அளப்பதில்லை. நொடியையும் மீட்டரையும்தான் அளக்கிறார்கள். வயது வரம்பு தாண்டும் முன் கிடைக்கும் வாய்ப்புகளோ கொஞ்சம். ஓட்டப்பிடாரத்துப் பையன்கள் எதற்காக ஓடுகிறார்களோ, அதற்கேற்ற பயிற்சியை இப்போதே பிரித்துச் செய்வது நல்லது.